உடைந்த ஷாஃப்டைக் கழுவாமல் கொண்டு வாருங்கள்

பெங்களூரு பீனியாவில் ஒரு சோதனைக்கூடத்தில் உலோக நுண்ணமைப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். இந்த வேலையைப் பற்றி நகரத் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

ஜாலஹள்ளி, டிப்ளமா மாணவர்: சார், நாள் முழுவதும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலையா?

அப்படி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், தம்பி. பாதி நாள் தண்ணீரிலும் தூளிலும் போய்விடும். மாதிரியைச் சூடேறாமல் வெட்ட வேண்டும். சூடேறினால் உள்ளமைப்பே மாறி, நாம் பார்ப்பது வேறு உலோகமாகிவிடும். பிறகு பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கில் பதித்து, 220 முதல் 1000 வரை எண்ணுள்ள (எண் கூடக்கூட மென்மையான) சிலிக்கன் கார்பைடு உப்புத்தாள்களில் தேய்க்க வேண்டும். தாள் மாற்றும்போதெல்லாம் மாதிரியை 90 டிகிரி திருப்பி, முந்தைய கீறல் மறையும்வரை விடக் கூடாது. கடைசியில் வைரப் பசை, எஃகு என்றால் உள்ளமைப்பு தெரிய சில நொடிகள் நைட்டால், அதாவது ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம். புதிதாக வருகிறவர்கள் நேராக எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பைக் கேட்கிறார்கள். ஒழுங்காக மெருகேற்றத் தெரியாதவரிடம் நான் அதன் சாவியைக் கொடுப்பதில்லை.

பொம்மசந்திரா, உற்பத்திப் பொறியாளர்: எங்கள் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஒன்று உடைந்தது. வேதியியல் அறிக்கையில் எல்லாம் சரி என்று சப்ளையர் சாதிக்கிறார். மைக்ரோவில் வேறு என்ன தெரியப்போகிறது?

நிறையத் தெரியும். அந்த அறிக்கை கார்பன் போன்ற தனிமங்கள் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். 0.45% கார்பன் உள்ள எஃகை மெல்ல ஆறவிட்டால் ஃபெரைட், பியர்லைட் என்ற மென்மையான உள்ளமைப்புகள் கிடைக்கும். அதையே சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தால் மார்ட்டென்சைட் என்ற வேறு உள்ளமைப்பு, கடினமாகவும் நொறுங்கும்படியாகவும். இரண்டுக்கும் அறிக்கை ஒன்றுதான்.

ஆனால் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் வெறும் கண். உடைந்த முகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதில் தடயம் நசுங்கிவிடும். களைப்பு முறிவாக (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் வளர்ந்து உடைவது) இருந்தால், அலை வடிந்த மணலில் தெரிவது போன்ற வளைகோடுகள் ஓரிடத்திலிருந்து விரிந்திருக்கும். அந்த இடம் கீவேயின் (சாவிக்கட்டை பொருத்த ஷாஃப்டில் வெட்டும் பள்ளம்) கூர்மையான மூலை என்றால், சப்ளையரை விட்டுவிட்டு உங்கள் டிராயிங்கைத் திருத்துங்கள். மேற்பரப்பில் கார்பன் இழந்த அடுக்கோ, தொடக்கப் புள்ளியில் பெரிய கசடுத் துகளோ இருந்தால் அப்போது அவருடன் சண்டை போடலாம்.

அல்சூர், ஒரு தாய்: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இதற்கு எங்கே சேர்ப்பது?

திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் உலோகவியல் இருக்கிறது, அம்மா. மேற்படிப்புக்கு இங்கேயே இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. விமானத் துறை ஆய்வகங்களும் ஹெச்.ஏ.எல். போன்ற ஆலைகளும் உள்ள ஊர் என்பதால் வேலைக்கும் வழி உண்டு. தொடக்கச் சம்பளத்தை மென்பொருள் வேலையோடு ஒப்பிடாதீர்கள்; ஏமாற்றமாக இருக்கும்.

ராஜாஜிநகர், புதிதாக வேலையில் சேர்ந்தவர்: அமிலங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பயம் இருக்கட்டும். நைட்டால் கலக்கும்போது ஆல்கஹாலில் நைட்ரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். 2 முதல் 5% போதும். இறுக மூடிய பாட்டிலில் சேமித்தால் அழுத்தம் கூடி வெடிக்கலாம். அலுமினியத்துக்கான கெல்லர் கரைசலில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. அது தோலில் பட்ட உடனே வலிக்காமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே எலும்புவரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாவிட்டால் அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

எலஹங்கா, மென்பொருள் பொறியாளர்: படத்தைப் பார்த்துக் கணினியே சொல்லிவிடாதா?

உலோகத்தை ஆக்கும் நுண்ணிய படிக மணிகளின் அளவை மென்பொருள் இப்போதே எண்ணுகிறது, என்னைவிட வேகமாக. ஆனால் மெருகேற்றும்போது விட்ட கீறலையும் அது மணியின் எல்லை என்று எண்ணிவிடும். அதனால் எண்ணிக்கையை அதனிடம் விட்டாலும், மாதிரியைப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில்லை.