கேஸ் கசிவு தேடும் வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு,

தம்பி ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் முடித்தவர் என்றால், பயந்துகொண்டு இந்த வேலையை ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுக்கு வீடு பைப் கேஸ் கொடுக்கிறவர்கள் எல்லோரும் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2008-ம் ஆண்டு பாதுகாப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். கசிவு சோதனை அதில் ஒரு பகுதி. பைப் மண்ணுக்குள் இருக்கும்வரை வேலையும் இருக்கும்.

நான் பயப்படுவது கசிவு அளக்கும் மீட்டரைத் தப்பாகப் படிப்பதற்குத்தான். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் தீப்பற்றும். மீட்டரில் 'எல்.இ.எல்.' (தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் என்பது) 100 என்றால் காற்றில் கேஸ் 5 சதவீதம். 20 என்றால் 1 சதவீதம். அந்த அளவை எட்டும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் விதிப்படி வாடை கலக்கிறார்கள். ஆனால் மண்ணுக்குள் வெகுதூரம் நகர்ந்து வரும் கேஸ் வாடையை மண்ணிலேயே விட்டுவிட்டு வரலாம். மீட்டருக்குள் கேஸை எரித்து அளக்கும் பெலிஸ்டர் சென்சாரிலும் ஒரு வம்பு உண்டு: அதற்கு ஆக்சிஜன் வேண்டும். கேஸ் நிறைந்த குழியில் அளவு சர்ரென்று ஏறி, பிறகு இறங்கிவிடும். இறங்கியதைப் பார்த்து 'கசிவு இல்லை' என்று எழுதினால் தெருவே ஆபத்தில். சிலிகான் ஸ்ப்ரே பட்டால் சென்சார் செத்தேபோகும். அதனால் தினமும் கிளம்பும்முன், அளவு தெரிந்த கேஸைக் காட்டி மீட்டரைச் சரிபார்க்க வேண்டும்.

நம்ம வட சென்னையில் சாக்கடை மூடியைத் திறந்தாலே மீத்தேன்தான். பைப் கேஸில் பொதுவாக ஈத்தேனும் கொஞ்சம் இருக்கும், சாக்கடை வாயுவில் இருக்காது. ஈத்தேனைப் பிரித்துக் காட்டும் கருவியைத் தம்பி கற்றுக்கொண்டால் மதிப்பே தனி. மழையில் ஊறிய மண் கேஸை மேலே விடாது, கேபிள் பள்ளம் வழியாக நாலு வீடு தள்ளிக் கிளம்பும். ஆகவே பைப் போகும் வழியில் கம்பியால் வரிசையாகத் துளை போட்டு அளக்க வேண்டும். காற்றை உறிஞ்சி எடுத்த பிறகும் எந்தத் துளையில் அளவு குறையவில்லையோ, அங்கேதான் தோண்டுவார்கள். மின் கேபிள் எங்கே போகிறது என்று பார்க்காமல் கம்பியை இறக்கவே கூடாது.

ஆள் எடுப்பது பெரும்பாலும் காண்ட்ராக்டர் வழியாக. சேரும்முன் மூன்று கேளுங்கள்: இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா? மீட்டரின் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றைக் காட்டுவார்களா? பள்ளத்தில் ஆளைத் தனியாக இறக்குவார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் வேண்டாம், வேறு இடம் பாருங்கள். மேலே படிக்க ஆசைப்பட்டால், பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. இருப்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டே சேரலாம்.