வானத்தைப் பார்க்கும் போர்ஹோல்கள்

கேள்வி: அய்யா, சங்ககிரி பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட்டாக இருக்கிறேன். சர்ப்பாக் என்ற சுரங்க சாப்ட்வேரில் இருந்த போர்ஹோல் (கல் மாதிரி எடுக்கத் துளைத்த துளை) டேட்டாவை சிஎஸ்வி பைலாக்கி, டேட்டாமைன் என்ற இன்னொரு சுரங்க சாப்ட்வேரில் ஏற்றினேன். ஹோல் எல்லாம் தரைக்கு மேலே நட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் சேலம் லீஸ் (குத்தகைச் சுரங்கம்) ஹோல்களைச் சேர்த்தால் அவை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய் விழுகின்றன. சாப்ட்வேர் கோளாறா?
– வாசகி, சங்ககிரி

பதில்: சாப்ட்வேரைத் திட்டாதீங்க அம்மிணி, டிப், அதாவது ஹோலின் சாய்வுக் கோணக் கணக்கை, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வைத்திருக்கிறது. சர்ப்பாக்கில் செங்குத்தாகக் கீழே இறங்கும் ஹோல் -90. டேட்டாமைனில், நாம் மாற்றிச் சொல்லாதவரை, அதே ஹோல் +90. ஹோலின் திசையும் சாய்வும் இருக்கும் சர்வே டேபிளில் டிப் பத்தியை -1 ஆல் பெருக்கி ஏற்றினால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பெருக்கும் முன் அந்தப் பத்தியை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். முன்னே வேலை பார்த்தவர் யாராவது பாதி ஹோலுக்கு பிளஸ் போட்டு வைத்திருந்தால், இப்போது அந்தப் பாதி வானத்துக்குப் போகும்.

சேலம் சங்கதி வேறு. 78 டிகிரி தீர்க்கரேகை சங்ககிரிக்கும் சேலத்துக்கும் நடுவில் ஓடுகிறது. யூடிஎம் என்ற வரைபட அளவு முறையில் அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. மண்டலம் மாறினால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். உங்கள் சங்ககிரி ஹோலின் ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய தூரம், மீட்டரில்) 8,13,000 என்கிற வாக்கில் இருக்கும். சேலம் ஹோலுக்கு 1,89,000 வாக்கில். இரண்டையும் 43 என்று நினைத்து ஏற்றினால் சேலத்து வெள்ளைக்கல் லட்சத்தீவுப் பக்கம் அரபிக்கடலில்தான் கிடக்கும்! ஈஸ்டிங்கின் முதல் இலக்கம் எட்டா ஒன்றா என்று பார்த்தாலே நம் ஊரில் மண்டலம் தெரிந்துவிடும். ஒரே வரைபடம்தான் வேண்டுமென்று மேலிடம் கேட்டால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட சாப்ட்வேரில் 32644 (44-ஆம் மண்டலத்தின் குறியீடு) என்பதிலிருந்து 32643-க்கு (43-ஆம் மண்டலம்) மாற்றிக் கொடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு லீஸுக்கும் தனித்தனி டேட்டாபேஸ்தான்.

அப்புறம், சர்ப்பாக்கின் ஸ்ட்ரிங் பைலில் ஒய் (நார்த்திங், வடக்கு நோக்கிய தூரம்) முன்னே வரும், எக்ஸ் (ஈஸ்டிங்) பின்னே வரும். நம் பக்கம் நார்த்திங் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம், ஏழு இலக்கம். ஈஸ்டிங் ஆறு இலக்கம். இடம் மாறியிருந்தால் கண்ணிலேயே படும்.

ஏற்றி முடித்ததும் அதே டேட்டாவைத் திரும்ப வெளியே எடுத்து, ஹோல் எண்ணிக்கை, மொத்த மீட்டர், சராசரி சிஏஓ (சுண்ணாம்பு அளவு) மூன்றையும் பழையதோடு ஒட்டிப் பாருங்கள். பைசா வித்தியாசம் இருந்தாலும் விடாதீர்கள்.

கேள்வி: மேக்னசைட் கோர் (துளைத்து எடுக்கும் கல் உருளை) கிடைக்காத மீட்டர்களுக்கு அஸ்ஸே (ரசாயனப் பரிசோதனை) டேபிளில் பூஜ்யம் போடலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: கூடவே கூடாது. மேக்னசைட்டில் சிலிகாதான் ஆகாத சரக்கு. அதற்குப் பூஜ்யம் போட்டால் சராசரி இறங்கி, கல் காகிதத்தில் மட்டும் சுத்தமாகிவிடும். சூளைக்காரர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள். -99 போடுகிறவர்களும் உண்டு. டேட்டாவை ஏற்றும் சாப்ட்வேரில் அது 'இல்லை'க்கான குறி என்று சொல்லாவிட்டால் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடும். காலியாக விடுங்கள்.

கேள்வி: 5-12 என்ற ஹோல் எண் எக்செல்லில் தேதியாகிவிடுகிறது.
– வாசகர், மதுக்கரை

பதில்: பைலை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லுக்குள் போய், டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்து, அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். எண்ணுக்கு முன்னால் பிஎச் (போர்ஹோல்) என்று சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது, காலர் (துளை வாய் இருக்கும் இடம்), சர்வே, அஸ்ஸே எல்லா டேபிளிலும் ஒரே மாதிரி.