கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் கிளினிக்கல் சாஸ் துறைக்கு மாற முடியுமா?

கேள்வி: பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாகக் கோவையில் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். மருந்து ஆய்வுத் துறையில் ஸ்டாட்டிஸ்டிகல் புரோகிராமர் ஆக ஆசை. புள்ளியியல் படித்ததில்லை. 85,000 ரூபாய் கட்டினால் மூன்று மாதம் சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளில் பயிற்சி கொடுத்து, மூன்று ஆண்டு அனுபவம் இருப்பதாகச் சான்றிதழும் தருவதாக ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். 10,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். இப்போது அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்கிறார்கள். மீதிப் பணத்தைக் கட்டலாமா? சாஸ் படிப்பதா, ஆர் (R) என்ற கணினி மொழியைப் படிப்பதா?

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்க்கிறேன். புள்ளியியல் பட்டம் இல்லாததால் இந்த வேலை கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். எந்தச் சோதனையை எப்படிச் செய்வது, எந்த நோயாளியைக் கணக்கில் சேர்ப்பது என்பதையெல்லாம் பயோஸ்டாட்டிஸ்டீஷியன் என்ற மருத்துவப் புள்ளியியல் நிபுணர் முடிவு செய்து ஒரு திட்ட ஆவணத்தில் எழுதி வைத்துவிடுவார். அதைப் படித்துப் புரிந்துகொண்டு, மருத்துவமனைகளிலிருந்து வந்த தரவை ஒழுங்குபடுத்தி, அட்டவணைகளும் வரைபடங்களும் பிழையில்லாமல் வரும்படி புரோகிராம் எழுதுவது நம் வேலை. சராசரி, இடைநிலை, பி-மதிப்பு, நம்பக இடைவெளி, கப்ளான்-மேயர் வளைவு ஆகியவை என்ன சொல்கின்றன என்று தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது தரவைப் பற்றிய எச்சரிக்கை உணர்வு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஒரு உதாரணம் பாருங்கள். சாஸில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், அந்தக் காலியிடத்தை எல்லா எண்களையும்விடச் சிறியதாக அது எடுத்துக்கொள்ளும். ‘வயது 18-க்குக் கீழே இருந்தால் சிறுவர்’ என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். வயதே பதிவாகாத 60 வயது நோயாளியும் சிறுவர் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுவார். எர்ரர் வராது, புரோகிராம் நிற்காது. இரண்டு கோப்புகளை இணைக்கும்போது ஒரே நோயாளியின் எண் இரண்டு பக்கமும் பல முறை இருந்தாலும் இதே கதைதான். புரோகிராம் ஓடிய விவரத்தைக் காட்டும் லாகில் ‘நோட்’ என்று ஒரு வரி வரும், அவ்வளவே. சிவப்பு எழுத்து இல்லையென்றால் எல்லாம் சரி என்று பழகியவர்கள் அந்த வரியைப் படிக்கவே மாட்டார்கள். லாகை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டாலே பாதி வேலை கற்றுக்கொண்ட மாதிரி.

அடுத்தது சிடிஸ்க் (CDISC) தரநிலைகள், அதாவது ஆய்வுத் தரவை எந்த வடிவத்தில் அமைப்பது என்று அந்தப் பெயருள்ள அமைப்பு வகுத்த விதிகள். 2016 டிசம்பர் 17-க்குப் பிறகு தொடங்கிய ஆய்வுகளின் தரவு இந்த வடிவத்தில்தான் வர வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. விதித்திருக்கிறது. வந்த தரவை அடுக்கி வைப்பது எஸ்.டி.டி.எம்., பகுப்பாய்வுக்குத் தயார் செய்வது ஆடம். நேர்முகத் தேர்வில் பெரும்பாலான கேள்விகள் இந்த இரண்டைச் சுற்றியே வரும்.

இதற்கு 85,000 ரூபாய் தேவையே இல்லை. ‘சாஸ் ஆன்டிமாண்ட் ஃபார் அகாடமிக்ஸ்’ என்ற பெயரில் சாஸ் நிறுவனமே பிரவுசரில் இலவசமாகப் பழக இடம் தருகிறது. பழைய யூடியூப் வீடியோக்களில் ‘யுனிவர்சிட்டி எடிஷன்’ டவுன்லோட் செய்யச் சொல்வார்கள். அது 2021-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, தேடி அலையாதீர்கள். அடிப்படை புரோகிராமிங்குக்கும் தொடக்கப் புள்ளியியலுக்கும் அதே நிறுவனத்தின் இலவச ஆன்லைன் பாடங்கள் உண்டு.

பழகுவதற்குத் தரவும் இருக்கிறது. அல்சைமர் நோய்க்கான சானோமெலின் என்ற மருந்தின் ஆய்வுத் தரவை சிடிஸ்க் அமைப்பு ஒரு மாதிரித் திட்டமாக வெளியிட்டிருக்கிறது, புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் இணையதளத்தில் கிடைக்கும். நோயாளிகளின் வயது, பாலினம் போன்ற விவரங்கள் உள்ள கோப்பைத் திறந்தால் 306 பேர் இருப்பார்கள். அதில் 52 பேர் தொடக்கப் பரிசோதனையிலேயே தகுதி பெறாதவர்கள். மீதி 254 பேர். மூன்று குழுவாகப் பிரித்தால் பிளசிபோ (மருந்தில்லாத போலி மருந்து) 86, குறைந்த அளவு 84, அதிக அளவு 84. உங்கள் முதல் அட்டவணையின் தலைப்பு வரிசையில் இந்த மூன்று எண்களும் வந்தாக வேண்டும். பிளசிபோவில் 87 வந்தால், ஏன் என்று கண்டுபிடிக்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். நிறுவனங்களில் முக்கியமான அட்டவணைகளை இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, சாஸின் ப்ராக் கம்பேர் கட்டளையைப் போட்டு ஒப்பிடுவார்கள். நீங்களும் ஒரே அட்டவணையை ஒரு முறை சாஸிலும் ஒரு முறை ஆரிலும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாஸா ஆரா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. இந்த மென்பொருள்தான் வேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொல்லவில்லை. ஆர் மொழிக்கான கூட்டமைப்பான ஆர் கன்சார்டியம் 2021 நவம்பரிலேயே ஆரில் எழுதிய ஒரு சோதனைத் தொகுப்பை எஃப்.டி.ஏ.விடம் சமர்ப்பித்தது. ஆடம் தரவைத் தயாரிக்க உதவும் அட்மிரல் போன்ற ஆர் தொகுப்புகள் இலவசம். ஆனால் நம் ஊரில் வேலை விளம்பரங்கள் இன்னும் சாஸைத்தான் கேட்கின்றன. அதனால் முதலில் சாஸ், பிறகு ஆர். புரோகிராமிங் படித்த உங்களுக்கு ஆர் சீக்கிரம் பிடிபடும்.

இனி அந்த அனுபவச் சான்றிதழ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் இதில் விழுந்து வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ‘பி.எஃப். கூடக் கட்டிக் காட்டுவோம், யாரும் கண்டுபிடிக்க முடியாது’ என்பார்கள். நீங்கள் இரண்டு ஆண்டாகக் கோவையில் வேலை செய்கிறீர்கள். பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். என்ற உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் இருக்கிறீர்கள் என்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அதே காலத்தில் ஹைதராபாத்தில் இன்னொரு நிறுவனத்தில் சாஸ் புரோகிராமராக இருந்ததாக எப்படிக் காட்டுவார்கள்? பின்னால் கட்டினாலும், எந்த மாதச் சம்பளத்துக்கான பணம் எந்தத் தேதியில் வரவானது என்று பாஸ்புக்கே சொல்லிவிடும். பின்னணிச் சரிபார்ப்பு செய்கிறவர்கள் முதலில் கேட்பது இந்த விவரத்தைத்தான். சிலர் வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்தும் மாட்டுகிறார்கள். அப்போது வேலையோடு நிற்காது, அடுத்து போகிற இடத்திலும் அது பின்தொடரும். தரகருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவர் கமிஷனை எப்போதோ வாங்கிக்கொண்டார்.

உங்களுக்குப் பதிலாக வேறொருவர் ஆன்லைன் இன்டர்வியூவில் பேசுவார் என்றும் இவர்களில் சிலர் ஆசை காட்டுவார்கள், அதற்கும் இதே பதில்தான். மருந்து பாதுகாப்பானதா என்று தீர்மானிக்கும் அட்டவணையைத் தயாரிக்கிற வேலை இது. பொய்யில் தொடங்கி இதைச் செய்யக் கூடாது.

எதற்குமே பணம் கட்டக் கூடாதா என்றால், ஒன்றுக்குக் கட்டலாம்: சாஸ் நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வு. அதிலும் கவனம் வேண்டும். ‘பேஸ் புரோகிராமிங்’ தேர்வை மட்டும் முதலில் எழுதுங்கள். கிளினிக்கல் தேர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதிவை சாஸ் இணையதளத்திலும் தேர்வை நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூவிலும் நீங்களே செய்யுங்கள். கட்டணம் உங்கள் கார்டிலிருந்து நேராகப் போக வேண்டும். ‘எங்கள் மூலமாகக் கட்டினால் தள்ளுபடி, கேள்வித்தாள் டம்ப்பும் (கசிந்த கேள்விகளின் தொகுப்பு) தருகிறோம்’ என்பவர்களிடம் போகாதீர்கள். சில பயிற்சி மையங்கள் தாங்களே அச்சடித்த ‘சர்டிஃபைடு கிளினிக்கல் சாஸ்’ தாளைத் தருகின்றன. அது சாஸ் நிறுவனத்தின் சான்றிதழ் ஆகாது. உண்மையான சான்றிதழுக்கு ஆன்லைனில் சரிபார்க்கக்கூடிய டிஜிட்டல் பேட்ஜ் வரும். அதுவும் கதவைத் தட்ட உதவுமே தவிர வேலையை வாங்கித் தராது. நீங்கள் எழுதி உங்கள் கிட்ஹப் பக்கத்தில் ஏற்றி வைக்கும் அந்த 254 பேரின் அட்டவணைகள்தான் விண்ணப்பங்களைப் பார்க்கும் என்னைப் போன்றவர்களை நிறுத்திப் படிக்க வைக்கும்.

விண்ணப்பிக்கும்போது ஒரு கோபம் வரும், எனக்கும் வருகிறது. ‘ஃப்ரெஷர் தேவை’ என்று தலைப்புப் போட்டு, கீழே இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். தகுதி என்ற இடத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல், பி.ஃபார்ம் என்று மட்டும் போட்டு, பி.இ. படித்தவரின் விண்ணப்பத்தை மனிதர் யாரும் பார்க்காமலே கணினி ஒதுக்கிவிடும். உள்ளே போய்ப் பார்த்தால், மேக்ரோ எழுதத் தெரிந்த ஆள் இல்லாமல் டீம் லீடர் தவித்துக்கொண்டிருப்பார். இப்படிக் கதவை அடைத்து வைப்பதால்தான் போலி அனுபவம் விற்கிறவர்களுக்குச் சந்தை உருவாகிறது. விளம்பரத்தைத் தாண்டி, பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு லிங்க்ட்இன்னில் நேராக எழுதுங்கள். அட்டவணையின் இணைப்பை வைத்து நான்கு வரி போதும். டிரெய்னி, இன்டர்ன் என்று வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சப்போர்ட் வேலையின் இரண்டு ஆண்டை மறைக்காமல் எழுதுங்கள், எஸ்.க்யூ.எல். தொட்டிருந்தால் அதை முன்னால் போடுங்கள். இன்னொரு வேலை கையில் வரும்வரை கோவை வேலையை விடாதீர்கள்.

கட்டிய 10,000 ரூபாயை மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசி விட்டுவிடாதீர்கள். போலிச் சான்றிதழ் தருவதாக அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். பயிற்சி மையங்கள் வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்டு அதே போஸ்டர்தான் ஒட்டியிருக்கிறது. பணம் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை ஏற்கெனவே கொடுத்திருந்து அவர்கள் திருப்பித் தர மறுத்தால், பேரம் பேசாமல் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.