9 எம்எம்மா, .45-ஆ என்று கேட்கும் முன், சுடப்போகிறவர் கையைப் பாருங்கள்

கேள்வி: வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பேன். வீட்டில் மனைவியும் குழந்தையும் மட்டும்தான். உரிமம் கிடைத்துவிட்டது. தற்காப்புக்கு 9 எம்எம் துப்பாக்கி போதுமா, அதைவிடப் பெரிய குண்டு போடும் .45 தான் வாங்க வேண்டுமா? மனைவிக்கு என்றால் சின்ன ரிவால்வர் போதும் என்கிறார்களே, சரியா?

பதில்:

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த "மனைவி" நான்தான்.

என் கணவர் துப்பாக்கிக் கடையில் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். விற்றவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அவங்களுக்குத்தானே? சின்னதா, லேசா இருக்கணும். ஆனா பவர் குறையக் கூடாது" என்று அவரிடமே சொல்லி, கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். .357 மேக்னம், ஐந்து தோட்டா பிடிக்கும், இரண்டு அங்குலக் குழல், அரைக் கிலோகூட எடை இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன், பொம்மை மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்துத்தான் போனது, பொய் சொல்ல மாட்டேன். சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், முதல் தோட்டா வெடித்தபோது யாரோ உள்ளங்கையில் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. குழல் முனையில் கால்பந்து அளவுக்கு நெருப்பு. ஐந்தாவது தோட்டா முடிந்தபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. இதற்குக் காரணம் எளிது. துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு உதைக்கும். .357 மேக்னம் 1935-இல் வந்தது. கனமான சட்டம், நீளமான குழல் உள்ள பெரிய ரிவால்வருக்காகச் செய்த தோட்டா அது. இரண்டு அங்குலக் குழலில் மருந்து முழுதாக எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது. மிச்சம் வெளியே தீயாகவும் சத்தமாகவும் வீணாகிறது. பெட்டியில் அச்சடித்த வேகமும் கிடைக்காது. அதாவது வலியை முழுதாக வாங்கிக்கொண்டு பலனைப் பாதிதான் வாங்குகிறோம்.

அந்த ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போட்டுச் சுடலாம், உதைப்பு நன்றாகக் குறையும் என்ற விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அதற்கப்புறம் ரேஞ்சுக்குப் போவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம். அப்படியே பதினான்கு மாதம். ரிவால்வர் பெட்டியில் பூட்டி இருந்தது. வீட்டில் பாதுகாப்புக்கு ஒன்று இருக்கிறது என்று கணவர் நிம்மதியாக ஊருக்குப் போய்வந்தார்.

ஒருநாள் ராத்திரி இரண்டரை மணி. மழை. பின்கதவின் கைப்பிடியை யாரோ ஆட்டுகிற சத்தம். காற்று இல்லை, காற்று அப்படி விட்டுவிட்டு ஆட்டாது. முதலில் மெதுவாக ஒரு தரம், அப்புறம் அழுத்தி இரண்டு தரம். மகளை எழுப்பி என் அறைக்குள் கொண்டுவந்து கதவைத் தாழிட்டேன். போலீசைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இதுதான்: சுட்டால் கை வலிக்குமே. வெளியே நிற்கிறவன் உள்ளே வந்தால் மகளுக்கு என்ன ஆகும் என்பதுகூட அடுத்ததாகத்தான் வந்தது. முதலில் வந்தது கைவலி. விசையில் விரல் வைக்கும் முன்பே மணிக்கட்டு இறுகி, கண் தானாகச் சுருங்குகிறது.

தொண்டை கிழிய, போலீஸ் வந்துகொண்டிருக்கிறது, என் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று கத்தினேன். கைப்பிடிச் சத்தம் நின்றது. வண்டி வருவதற்குள் அவன் போய்விட்டான். படியில் ஈரமான செருப்புத் தடம் மட்டும் இருந்தது. நான் சுடவில்லை. சுட வேண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அடுத்த மாதம் தெரிந்தது.

ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். அறுபது வயது அம்மா, காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ரிவால்வரில் தோட்டா போடும் சிலிண்டரில் மூன்று நிஜத் தோட்டாவும் இரண்டு டம்மித் தோட்டாவும் கலந்து போட்டு என் கையில் கொடுத்தார். எது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது அழுத்தலில் வந்தது டம்மி. க்ளிக் என்ற சத்தம் மட்டும்தான். ஆனால் குழல் முனை விசுக்கென்று கீழே குத்தியது, விரற்கடை அளவாவது இருக்கும். ஏழு மீட்டர் தூரத்தில் அந்த விரற்கடை ஓர் அடிக்கு மேலே ஆகிவிடும். உதைப்பு வரும் முன்பே என் உடம்பு அதை எதிர்பார்த்துத் துப்பாக்கியைக் கீழே அமுக்கியிருக்கிறது. அன்று ராத்திரி நான் சுட்டிருந்தால் குண்டு தரையில்தான் பாய்ந்திருக்கும்.

அவர் என்னைத் திட்டவில்லை. "உன் மேல தப்பு இல்லம்மா, இதை உன் கையில கொடுத்தவன் மேல தப்பு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரி, நீங்கள் கேட்ட 9 எம்எம், .45 கணக்குக்கு வருகிறேன்.

முதலில் அளவைப் பாருங்கள். 9 எம்எம் குண்டின் விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர். .45 குண்டு சுமார் 11.5 மில்லிமீட்டர். வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர். .380, .38 ஸ்பெஷல், .357 மேக்னம் எல்லாமே பெயர்தான் வேறு வேறு, குண்டின் விட்டம் கிட்டத்தட்ட அதே 9 மில்லிமீட்டர்தான். மாறுவது குண்டின் எடையும், பின்னால் இருக்கும் மருந்தும், அதனால் வரும் வேகமும். 9 எம்எம் குண்டு சாதாரணமாக ஏழரை கிராமிலிருந்து ஒன்பதரை கிராம் வரை இருக்கும். .45 பதினைந்து கிராம் வரை வரும், ஆனால் மெதுவாகப் போகும்.

கைத்துப்பாக்கிக் குண்டு எதுவானாலும் ஆளைத் தூக்கி எறியாது. அதெல்லாம் திரையில்தான். குண்டு போகும் வழியில் ஒரு துளை போடுகிறது, அவ்வளவுதான். மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் ஆள் உடனே விழுவான். வேறு இடத்தில் பட்டால், ரத்தம் போய் மயங்கி விழ நேரம் ஆகும். இதயமே நின்றுபோனாலும் மூளையில் மிச்சம் இருக்கும் பிராணவாயுவை வைத்து ஒருவன் 10 முதல் 15 வினாடிவரை கையை வீசவும் சுடவும் முடியும். ஆகவே ஆழமாகப் போவதும் சரியான இடத்தில் படுவதும்தான் விஷயம்.

இது புத்தகப் பாடம் இல்லை, உயிர் கொடுத்துக் கற்றது. 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரை அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் ஆட்கள் மடக்கினார்கள். ஒரு 9 எம்எம் குண்டு கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் அப்புறமும் சண்டை போட்டான். எஃப்பிஐ ஆட்கள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயம்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் உடல் தசைக்கு ஈடாக ஒரு ஜெலட்டின் கட்டியில் சுட்டு, குண்டு குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் போக வேண்டும் என்ற அளவுகோலை வைத்தார்கள். பெரிய தோட்டா வேண்டும் என்று 10 எம்எம்முக்குப் போனார்கள். அதன் உதைப்பைப் பலரால் சமாளிக்க முடியவில்லை. அப்புறம் 1990-இல் வந்த .40 ரகத் தோட்டாவுக்கு மாறினார்கள். கடைசியில் 2010-களின் நடுவில் மறுபடி 9 எம்எம்முக்கே திரும்பிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் விரிந்து பாயும் ஹாலோ பாயிண்ட் குண்டுகள் அவ்வளவு மேம்பட்டிருந்தன. 9 எம்எம்மில் மேகசினுக்குள் (பிஸ்டலின் பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) தோட்டா அதிகம் பிடிக்கும், உதைப்பு குறைவு, அடுத்த குண்டையும் அதே இடத்தில் வைக்க முடியும். பயிற்சி பெற்ற ஆட்களே அப்படி முடிவெடுத்தார்கள்.

.45 பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் செய்த அருமையான தோட்டா. நானும் சுட்டிருக்கிறேன். கனமான முழு அளவு பிஸ்டலில் அதன் உதைப்பு நான் பயந்த அளவுக்கு இல்லை, மெதுவாகத் தள்ளுகிற மாதிரிதான் இருந்தது. உங்கள் கைக்கு அது பொருந்தினால், நிறையச் சுட்டுப் பழக முடிந்தால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ரிவால்வரே மோசம் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கனமான ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போட்டுப் பழகியவர்கள் அற்புதமாகச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியே எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வேண்டாம் என்பதும் ஒரு நல்ல முடிவுதான். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பெண்களுக்கு .22, .380 என்று கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடி விளிம்பில் இருக்கும். அதனால் வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம். .380 பிஸ்டல்கள் பலவற்றில் குழலைப் பூட்டும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) எடையும் ஸ்பிரிங்கும்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதனால் ஸ்லைடைப் பின்னால் இழுக்க 9 எம்எம்மைவிடச் சிரமமாக இருக்கும். எல்லா மாடலும் அப்படி இல்லை, சுலபமாக இழுக்கும்படி செய்தவையும் வந்துவிட்டன. ஆனால் "சின்னது என்றால் சுலபம்" என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மிகச் சின்ன, லேசான பிஸ்டலை மணிக்கட்டு தளர்ந்து பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் தோட்டா சிக்கிக்கொள்வதும் உண்டு.

இன்னொன்று, காது. கைத்துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபலுக்கு மேலே. 140-ஐத் தாண்டினாலே ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். ரேஞ்சில் ஒருநாள் காதுறையைச் சரிசெய்யக் கழற்றிய நேரத்தில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் மேக்னம் சுட்டார். அன்றிலிருந்து இடது காதில் ஒரு கீச்சொலி. நிற்கவே இல்லை. காது டாக்டரிடம் போனோம். அவர் என் காதைப் பார்த்துவிட்டு, என் கணவரிடம் திரும்பி, "இவங்களுக்குத் தூக்கம் எப்படி?" என்று கேட்டார். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். காது என்னுடையது, தூக்கமும் என்னுடையது. துப்பாக்கி வாங்கப் போனாலும் இதேதான், வைத்தியத்துக்குப் போனாலும் இதேதான். கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது.

உங்கள் மனைவியை நேராகக் கூட்டிக்கொண்டு போங்கள். வாடகைக்கு எடுத்துச் சுடும் வசதி இருந்தால் முழு அளவு அல்லது நடுத்தர அளவு 9 எம்எம்மில் ஆரம்பியுங்கள். பிடியைப் பிடித்த நிலையில் விரல் விசையை எட்டுகிறதா, ஸ்லைடை அவரே இழுக்க முடிகிறதா, மேகசினில் கடைசி இரண்டு தோட்டாவை அவரே அமுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஐம்பது தோட்டா சுட்ட பிறகு "இன்னொரு பெட்டி வாங்கலாமா" என்று அவர் கேட்டால் அதுதான் உங்கள் காலிபர், அதாவது உங்களுக்கான குண்டு அளவு. சில நாடுகளில் 9 எம்எம்மைத் தனிநபர் வைத்திருக்க அனுமதியே கிடையாது. அப்படியானால் சட்டம் விடும் ரகங்களுக்குள் இதே சோதனையைச் செய்யுங்கள். பழகுவதற்குச் சாதாரணக் குண்டு, வீட்டில் வைப்பதற்கு ஹாலோ பாயிண்ட். வீட்டில் வைக்கப்போகும் அதே ரகத்தைக் கொஞ்சமாவது சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜெலட்டினில் 12 அங்குலம் போகிற குண்டு அட்டைச் சுவரையும் துளைத்துக்கொண்டு போகும், காலிபர் எதுவானாலும். குழந்தை எந்த அறையில் படுக்கிறாள் என்பதை வைத்து எங்கே நிற்பது, எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பூட்டுப் பெட்டி இல்லாமல் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

நான் இப்போது நடுத்தர அளவு 9 எம்எம் வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை போகிறேன். டம்மித் தோட்டா வந்தாலும் குழல் முனை இப்போது அசைவதில்லை.

பழைய ரிவால்வரை விற்க ஏற்பாடு செய்தபோது ஒருவர் பார்க்க வந்தார். மனைவிக்கு என்றார். அவங்களையும் கூட்டிக்கொண்டு வாங்க, சுட்டுப் பார்க்கட்டும் என்றேன். மறுவாரம் இருவரும் ரேஞ்சுக்கு வந்தார்கள். அந்தப் பெண் இரண்டு தோட்டா சுட்டார், ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு இது வேண்டாங்க" என்று தன் கணவரிடம் சொன்னார். ரிவால்வர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.