அந்தப் பையனின் கை

கடிதம்:

அன்புள்ள டாக்டர்,

அம்மாவுக்கு 68 வயது. போன வருடம் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலது மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம். முதுகில் மரத்துப்போகிற ஊசி போட வந்தவர் படிக்கிற பையன். ஐந்து தடவை குத்தியிருக்கிறார். கடைசியில் பெரிய டாக்டர் வந்து ஒரே தடவையில் போட்டுவிட்டாராம். "அந்தப் புள்ள கை நடுங்குச்சுடா, எனக்கே தெரிஞ்சுது" என்று அம்மா இன்னும் சொல்கிறார். அடுத்த மாதம் இடது மூட்டு. "மறுபடி அந்த ஊசியா? நான் நொண்டிக்கிட்டே இருந்துக்கறேன்" என்கிறார். ஏழைகளின் முதுகுதான் இவர்களுக்குப் பாடப் புத்தகமா? பொம்மையில் பழகிவிட்டு வரக் கூடாதா?

கே.

பதில்:

அன்புள்ள கே.,

பழகிவிட்டுத்தான் வர வேண்டும். அம்மாவுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. ஐந்து குத்து வரை வேடிக்கை பார்த்த சீனியர்மேல்தான் எனக்குக் கோபம். முப்பது வருடமாக அந்த சீனியர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பவன் நான்.

என் முதல் ஸ்பைனல், அதாவது அம்மாவுக்குப் போட்ட அதே முதுகு ஊசி, குடலிறக்கத்துக்காக வந்த ஒரு நெசவாளிக்கு. அதற்கு முன் நாலைந்து தடவை பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன், பயிற்சி அவ்வளவுதான். ஊசி எலும்பில் இடித்தது. கொஞ்சம் இழுத்து, சாய்வை மாற்றினேன். மறுபடி இடித்தது. கையுறைக்குள் வியர்வையில் விரல் வழுக்கியது. குனிந்த தலையை நிமிர்த்தாமலே அவர், "ஆச்சுங்களா சாமி?" என்று கேட்டார். "உங்க எலும்பு ரொம்ப நெருக்கமா இருக்குங்க" என்றேன். அவர் எலும்பில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் போடத் தெரியவில்லை. அந்தப் பொய் இன்றும் உறுத்துகிறது.

இந்த வேலையில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவி, அதை வைத்து முதுகெலும்பின் இடைவெளியை விரலால் கண்டுபிடிக்க வேண்டும். ஊசி தசைநாருக்குள் போகும்போது ஓர் இறுக்கம். அப்புறம் மெல்லிய ஒரு 'டப்'. உள்கம்பியை உருவினால் கண்ணாடி மாதிரி ஒரு சொட்டுத் தண்டுவட நீர். அந்த 'டப்'பைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பயிற்சி மருத்துவர்களின் முயற்சிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. பத்துக்கு ஒன்பது முறை சரியாக அமைய ஸ்பைனலுக்கு ஏறக்குறைய 45 முயற்சிகளும், தண்டுவட நீர் இருக்கும் உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் எபிடியூரலுக்கு 60 முயற்சிகளும் தேவைப்பட்டன. அந்த 45 முதுகுகள் யாருடையவை என்பதுதான் உங்கள் கேள்வி. நம் ஊரில் பெரும்பாலும் ஏழைகளுடையவை. அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

1898இல் ஜெர்மனியின் கீல் நகரில், முதுகில் மருந்து செலுத்தி ஆபரேஷன் செய்யும் முறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர் தன் முதுகையே உதவியாளரிடம் கொடுத்தார். ஊசியின் வாய்க்குச் சிரிஞ்சு பொருந்தவில்லை. தண்டுவட நீர் வெளியே வழிந்தது. பிறகு ஒன்பது நாள் தலைவலியோடு படுத்துக் கிடந்தார். மேசைமேல் வைத்து ஒரு தடவை பொருத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பழகிவிட்டு வர வேண்டும் என்று நான் சொன்னது இந்த ஒத்திகையைத்தான்.

பொம்மையில் பழகும் வழக்கம் மருத்துவத்துக்குள் வந்ததில் எங்கள் மயக்க மருந்துத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான 'சிம் ஒன்' என்ற கணினிப் பொம்மை மயக்க மருந்துப் பயிற்சிக்கானதுதான். 1980களில் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா, விமானிகளின் பயிற்சியைப் பார்த்து, ஆபரேஷன் தியேட்டரில் வரும் ஆபத்துகளையே டாக்டர்களை ஒத்திகை பார்க்க வைத்தார். மரத்துப்போகிற மருந்து தவறி ரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரலாம், இதயமே நின்றுபோகலாம். அப்போது 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை உடனே ஏற்ற வேண்டும். மூன்று வருடப் படிப்பில் இதை ஒரு தடவைகூடப் பார்க்காத மாணவர் இருப்பார். பொம்மைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் இதயத்தை நிறுத்தலாம்.

பொம்மை விலை அதிகம்தான். வாங்க முடியாத இடத்தில் வாழைப்பழம் இருக்கிறது. தோலைத் தாண்டி ஊசி இறங்கும்போது கைக்குத் தெரியும் இறுக்கமும் அது விடுபடுவதும், முதுகுக்கு ஓரளவு பக்கத்தில் வரும். வாங்கிய பொம்மையை அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

ஆனால் பொம்மை "ஆச்சுங்களா சாமி" என்று கேட்காது. அதனால் என் மாணவர்கள் பழகும்போது நான் பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வலிக்கிற நோயாளி மாதிரி பேசுவேன். அப்போதுதான் கை நடுங்குகிறது. அங்கே நடுங்கட்டும்.

இனி அடுத்த மாதம். படிக்கிறவர் போட வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால், பக்கத்தில் நிற்கப்போவது யார், எத்தனை தடவைக்குப் பிறகு அவர் ஊசியை வாங்கிக்கொள்வார் என்று கேட்பேன். என் தியேட்டரில் இரண்டு தடவைதான். முன்பு ஐந்து தடவை குத்தியதைப் பரிசோதனையின்போதே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் வைத்து இடம் குறிக்க முடியுமா என்றும் கேளுங்கள். தடவி இடம் பிடிக்கக் கஷ்டமான 120 பேரை வைத்து டொராண்டோவில் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. வழக்கம்போல் தடவிப் போட்டவர்களில் 32 சதவீதத்தினருக்குத்தான் முதல் குத்திலேயே அமைந்தது, ஸ்கேனில் குறித்துப் போட்டவர்களில் 65 சதவீதத்தினருக்கு. ஆபரேஷனுக்குப் பிறகான வலிக்கு 'அடக்டர் கெனால் பிளாக்', அதாவது தொடையின் நடுப்பகுதியில் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி, போடுவார்களா என்பதையும் விசாரியுங்கள். தொடைத் தசையின் பலத்தை அதிகம் குறைக்காமல் வலியைக் குறைக்கும், எழுந்து நடக்கவும் தோதாக இருக்கும்.

அம்மா செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிப்பிடித்து, தாடை நெஞ்சில் படக் குனிந்து, தோளைத் தளர்த்தி, கீழ்முதுகைப் பூனை மாதிரி வெளியே வளைக்கச் சொல்லுங்கள். இடைவெளி விரிவது அப்படித்தான். தினமும் ஐந்து நிமிடம் போதும். முதல் நாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து காட்டுங்கள்.