பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வந்த கடிதங்கள்

இம்முறை வந்தவற்றில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: விசேட தேவையுடைய பிள்ளைக்குக் கிட்டடியில் எங்கே இடம்? ஆனபடியால் மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். சொன்னதையே சொல்கிறேன் என்று சிலர் அலுத்துக்கொள்வீர்கள். கேட்டதையே கேட்டால் அப்படித்தான்.

கொக்குவில், ஒரு தாய்: மகளுக்கு டவுன் சின்ட்றோம். வருகிற ஜனவரிக்குள் ஐந்து வயது முடிகிறது. வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளிக்கூடத்தில் முதலாம் தரத்துக்குக் கேட்டோம். "எங்களிட்ட விசேட கல்வி அலகு இல்லை, கோண்டாவிலுக்குக் கொண்டுபோங்கோ" என்கிறார் அதிபர். அப்படிச் சொல்லலாமா ரீச்சர்?

வாயால் சொல்லலாம். எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தரமாட்டார். மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 5 தொடக்கம் 16. அலகு என்பது சாதாரண பாடசாலைக்குள் இந்தப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற தனி வகுப்பு. அது இல்லை என்பது பிள்ளையைத் திருப்பி அனுப்ப ஒரு காரணமே இல்லை. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகவேண்டி வராது. எழுத்தில் கேட்டவுடனேயே வாங்கு ஒன்று காலியாகிவிடும்.

கோண்டாவிலில் உள்ள சிவபூமி விசேட பாடசாலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அறிவுவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு அவர்கள் செய்வதை யாழ்ப்பாணத்தில் வேறு பலர் செய்வதில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு எது பொருத்தம் என்பதைப் பிள்ளையைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும், அதிபரின் வசதியைப் பார்த்தல்ல. முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு இருந்து பழகியவள் என்றால் சாதாரண வகுப்பில் தொடங்குங்கள். அங்கிருந்து விசேட பாடசாலைக்குப் போவது சுகம், திரும்பி வருவது கஷ்டம்.

ஊர் எழுதப்படவில்லை: மகனுக்கு நல்ல விசேட பாடசாலையில் உடனடியாக இடம் எடுத்துத் தரவும். மிக அவசரம்.

என்ன வயது? எந்த ஊர்? என்ன இடர்பாடு, அதை யார் சொன்னது? காது கேட்கிறதா என்று பார்த்தாயிற்றா? இவற்றில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை, "மிக அவசரம்" மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறது. நான் இடம் கொடுக்கிற ஆள் இல்லை. இடம் கேட்டுப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, கிளினிக் கொப்பி, வைத்திய அறிக்கை எல்லாம் கையில் இருக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோக்கொப்பி வீட்டில். மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெற்றோர் எத்தனை பேர்!

சாவகச்சேரி, பேரனுக்காக: மூன்று வயதாகியும் சொல் வரவில்லை. வசம்பு உரைத்து நாக்கில் தடவலாமா?

முதலில் காதைப் பாருங்கள்.

ஸ்காபரோ, கனடா: எங்கள் ஊர்ச் சங்கம், மறைந்த ஒரு அம்மாவின் நினைவாக ஊர்ப் பாடசாலையில் விசேட தேவைப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம் கட்டித்தர எழுபது இலட்சம் ரூபா சேர்த்திருக்கிறது. இரண்டு வகுப்பறை, ஒரு விளையாட்டறை. வரைபடம் இணைத்திருக்கிறோம். உங்கள் ஆலோசனை?

வரைபடத்தைப் பார்த்தேன். முகப்பில் நினைவுக் கல்லுக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். மலசலகூடத்தைத் தேடினேன், காணவில்லை.

கட்டாதீர்கள். கோபிக்கவேண்டாம், உங்கள் மனம் நல்ல மனம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருப்பது கூரை இல்லை. சனம் இடம்பெயர்ந்தும் வெளிநாடு போயும் எத்தனையோ சிறிய பாடசாலைகளில் வகுப்பறைகள் சும்மா கிடக்கின்றன. தீவுப்பக்கம் போனால் பிள்ளைகளைவிட வாங்குகள் அதிகம். இடம் என்று நாங்கள் கேட்பது பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரை, பிள்ளையைக் கழுவித் துடைக்க ஓர் உதவியாளரை, வீட்டுவாசலில் ஏற்றி இறக்க ஒரு வாகனத்தை, வகுப்போடு ஒட்டிய ஒரு ரொய்லெற்றை. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அது இடமில்லை, அறைதான்.

வலிகாமத்தில் இப்படி ஒரு வெளிநாட்டுக் கட்டடம். பெயர் வேண்டாம். மாலை, மேளம், நாடா வெட்டு எல்லாம் நடந்து திறந்தார்கள். நான் பிறகு போனபோது உடற்பயிற்சிக்கு வாங்கிய பெரிய றப்பர் பந்து பொலித்தீன் உறையோடு மூலையில் கிடந்தது. அதன்மேல் விளையாட்டுப்போட்டிக் கொடிகள், பக்கத்தில் கால் உடைந்த கதிரைகள். திறப்பு உப அதிபரிடம். விசேட கல்வி ஆசிரியை இடமாற்றம் வாங்கிப் போய்விட்டா, பதிலுக்கு ஆள் வரவில்லை.

அவ இருந்த காலத்திலும் என்ன நடந்தது தெரியுமா? உதவியாளர் இல்லை. பிள்ளைக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு வந்தால் பார்க்கவேண்டும் என்று தாய்மார் பதினொன்றரை மட்டும் வேப்பமரத்தடியில் இருக்கவேண்டும். அவர்களில் ஒருத்தி வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவ. எத்தனை நாளைக்கு இருப்பா? மூன்று கிழமை வந்தா. அதற்குப் பிறகு பிள்ளை வீட்டில், தாய் தோட்டத்தில். கல்லில் தங்க எழுத்து இன்னும் மங்கவில்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு வான் வாடகை, ஓர் உதவியாளரின் சம்பளம், இரண்டும் சேர்ந்து மாதம் ஒரு இலட்சத்துக்குக் கிட்ட வரும் என்று வையுங்கள். எழுபது இலட்சத்தில் ஆறு வருஷம் வரை ஓடும். முதலாம் தரத்தில் சேருகிற பிள்ளை ஆரம்பக் கல்வி முடித்து வெளியே வந்துவிடும். அதே பாடசாலையில் சும்மா கிடக்கிற அறை ஒன்றைத் திருத்தி, வாசலில் சாய்தளம் போட்டு, ரொய்லெற் ஒன்று கட்ட அதில் ஒரு சிறு பகுதி போதும். பெயர் போடவேண்டுமென்றால் வானில் போடுங்கள், ஊர் முழுக்கப் பார்க்கும்.

எதுவானாலும், விசேட கல்வி ஆசிரியருக்கு ஆளணி அனுமதி கிடைத்துவிட்டது என்று வலயத்திலிருந்து எழுத்தில் வரும்வரை ஒரு சதமும் அனுப்பாதீர்கள். "பிறகு பார்க்கலாம்", "கதைச்சாச்சு" எல்லாம் எழுத்தில்லை. எழுத்தில்.

நெல்லியடிப் பக்கம், பெற்றோர் சிலர்: எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். பாடசாலையில் அறை இருக்கிறது. அலகு ஒன்று தொடங்க எங்கே போவது?

இப்படிக் கேட்டால் எனக்குச் சந்தோஷம். முதலில் ஒரு பட்டியல்: பிள்ளையின் வயது, வீட்டிலிருந்து தூரம், இடர்பாடு, இப்போது பாடசாலை போகிறதா, போகாவிட்டால் எப்போது நின்றது. குடும்பநல உத்தியோகத்தருக்கும் விதானையாருக்கும் நீங்கள் அறியாத இரண்டு மூன்று பிள்ளைகளைத் தெரிந்திருக்கும், கேளுங்கள். பிரதேச செயலகச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விபரம் உண்டு. அதிபரின் சம்மதக் கடிதத்தோடு வடமராட்சி வலயத்துக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி வாங்குங்கள். தேசிய பாடசாலை என்றால் விஷயம் இசுருபாயவுக்கு, அதாவது மத்திய கல்வி அமைச்சுக்குப் போகும், இன்னும் பொறுமை வேண்டும்.

கூடவே இன்னொன்று. வலயத்தில் எத்தனை விசேட கல்வி ஆசிரியர்கள், எத்தனை பேர் உண்மையில் விசேட கல்வி படிப்பிக்கிறார்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருகிறார்களா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். பதில் உங்களுக்குப் பிரயோசனப்படும், கேள்வியே அவர்களுக்குப் பிரயோசனப்படும்.

ஓர் ஆசிரியருக்கு ஆறேழு பிள்ளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்குமேல் போனால் படிப்பிப்பு நின்று காவல் தொடங்கும்.

பெயர் தவிர்க்கச் சொன்ன ஆசிரியை: விசேட கல்வியில் பயிற்சி முடித்தவள். அதிபர் காலையில் என்னை வராத ஆசிரியர்களின் றிலீவ் பாடங்களுக்கு அனுப்பிவிட்டு அலகைப் பூட்டிவைக்கிறார்.

நீங்கள் மட்டுமில்லை பிள்ளை. அலகு ஆசிரியரை வகுப்பில்லாத ஆளாக நினைக்கிற வியாதி எங்கும் இருக்கிறது. நேரசூசியை அதிபரின் கையொப்பத்தோடு சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு நாளும் பூட்டியிருந்த பாடவேளைகளைப் பதிவுப் புத்தகத்தில் குறியுங்கள். சேவைக்கால ஆலோசகர் வரும்போது சண்டைபிடிக்கவேண்டாம், புத்தகத்தை மட்டும் நீட்டுங்கள்.

ஹரோ, இலண்டன்: இங்கே விசேட தேவையுடைய பேத்திக்குக் கவுன்சிலே கல்வித் திட்டம் எழுதி, வாகனமும் தருகிறது. அங்கே ஏன் முடியாது?

இங்கிலாந்தில் 2014இல் சட்டம் வந்து, திட்டம் எழுதப்பட்ட பிள்ளைக்கு 25 வயதுவரைகூட உள்ளூராட்சி பொறுப்பு என்றாயிற்று. விண்ணப்பித்து 20 கிழமைக்குள் திட்டம் முடியவேண்டும் என்பது அங்கே விதி. அந்தக் கெடு தவறுகிறது என்றும் இடம் போதாது என்றும் அங்கேயும் பெற்றோர் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர்கள் கத்துவதற்குக் கையில் ஒரு கடதாசி இருக்கிறது. எங்கள் சட்டம் மறுக்காதே என்கிறது. இத்தனை நாளுக்குள் இன்னது கொடு என்று சொல்லவில்லை. வித்தியாசம் அதுதான்.

மானிப்பாய்: நான்கு வயது மகனுக்கு இரண்டு காதும் கேட்காது. கைதடிக்கு அனுப்பினால் சைகை பழகிப் பேச்சு வராமல் போய்விடும் என்கிறார்கள்.

யார் "என்கிறார்கள்"? சைகை மொழி பழகினால் பேச்சு போய்விடும் என்பது பழைய பயம். மொழி எதுவுமே இல்லாமல் வளருகிற பிள்ளைதான் பின்தங்கும். கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலை, செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கான இரத்மலானைப் பாடசாலையின் வழிவந்தது. இரத்மலானை 1912இல் தொடங்கியது, கைதடி 1950களில். செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளை வைத்துப் படிப்பித்த அனுபவம் குடாநாட்டில் இவ்வளவு காலம் வேறெவருக்கும் இல்லை. ஒருநாள் நேரில் போய் வகுப்பில் இருந்து பாருங்கள். காது கேட்கும் கருவி பொருந்துமா என்று வைத்தியரிடமும் கேளுங்கள், ஒன்றுக்காக மற்றதை விடவேண்டியதில்லை. விடுதியில் விடுவதென்றால் அவசரப்படவேண்டாம், நான்கு வயது சின்ன வயது. நீங்களும் சைகை பழகவேண்டும். பழகாவிட்டால் விடுமுறைக்கு வருகிற பிள்ளை வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கும்.

ஒரு பழைய மாணவர் சங்கம்: நுழைவாயிலில் சாய்தளம் கட்டினோம். சக்கர நாற்காலி ஏறவில்லை, சறுக்குகிறது.

படி ஒரு அடி உயரமென்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வரவேண்டும். நீங்கள் நாலடியில் முடித்திருப்பீர்கள். அணுகும் வசதிக்கு 2006இலிருந்தே ஒழுங்குவிதிகள் இருக்கின்றன, மேசன் வருமுன் வாசித்திருக்கலாம். இடியுங்கள். வழவழப்பான ரைல் போடாதீர்கள். மேலே போய்த் திரும்ப ஐந்தடிச் சதுரம் விடுங்கள்.

நெடுந்தீவு, ஒரு அம்மம்மா: ஏழு வயதுப் பேத்திக்கு ஓட்டிசம் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னார்கள். ஒவ்வொரு கிழமையும் படகில் கொண்டுபோக என்னால் ஏலாது.

ஏலாதுதான் அம்மா. குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் படகு, பிறகு பஸ், கிளினிக் வரிசை. பெரிய ஆட்களே வாடிப்போவார்கள், இரைச்சல் தாங்காத பிள்ளை என்ன செய்யும்? மாதமொரு தடவைக்குச் சுருக்கித் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்யவேண்டிய நாலைந்து பயிற்சிகளை எழுதி வாங்கி, அதே தாளை ஊர்ப் பாடசாலை ஆசிரியரிடம் கொடுங்கள். தீவக வலயத்திலிருந்து விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் கிழமையில் ஒருநாளாவது வரவேண்டும் என்று பாடசாலை அபிவிருத்திக் குழு மூலம் எழுதிக் கேளுங்கள். ஆசிரியர் கடலைத் தாண்டலாம், பேத்தி ஒவ்வொரு கிழமையும் தாண்டத் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் காது பரிசோதனை பற்றி ஒன்றும் இல்லை. அடுத்தமுறை போகும்போது அதையும் முடித்துவிடுங்கள். வேறு வேலைக்கு யாழ்ப்பாணம் போகும் நாளோடு சேர்த்தால் ஒரு படகுக்கூலி மிச்சம்.

சுன்னாகம்: போன் பார்த்துத்தான் ஓட்டிசம் வந்ததா?

இல்லை. ஆனாலும் போனை வாங்கி வையுங்கள்.

உரும்பிராய்: விசேட பாடசாலைக்குப் போனால் உதவிப்பணம் நிற்குமா?

நிற்காது. குடும்பத்தின் நிலையையும் மருத்துவச் சான்றையும் பார்த்துத்தான் அது கொடுப்பது. தொகை அடிக்கடி மாறுகிறது, பிரதேச செயலகத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தின் போட்டோக்கொப்பி?

கரவெட்டி, ஒரு தந்தை: மகனுக்குக் கை நடுக்கம். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு கிழமை. எழுத உதவியாளரும் மேலதிக நேரமும் கேட்கலாமா?

கேட்கலாம், பரீட்சைத் திணைக்களம் இரண்டையும் கொடுக்கிறது. ஆனால் அதிபர் மூலம், வைத்திய அறிக்கையோடு, பரீட்சை விண்ணப்பம் அனுப்புகிற காலத்திலேயே கேட்கவேண்டும். இரண்டு கிழமை இருக்கும்போது கடிதம் எழுதினால் நான் என்ன செய்வது? இன்றைக்கே அதிபரைப் பிடித்துத் திணைக்களத்தோடு தொலைபேசியில் கதைக்கச் சொல்லுங்கள். தம்பியைத் தினமும் ஒரு பழைய வினாத்தாளை வாயால் சொல்லவைத்து, நீங்கள் எழுதிப் பழகுங்கள். சொல்லி எழுதுவிப்பது தனிப் பழக்கம், பரீட்சை மண்டபத்தில் போய்ப் பழக ஏலாது.