விரால் சுலபமாகக் கிடைக்கும் மாதத்தில் தூண்டிலைச் சுருட்டி வையுங்கள்

கேள்வி: பொள்ளாச்சி – பாலக்காடு எல்லைப் பக்கத்து அணைகளில் ராடு போட்டு விரால், கட்லா, மஹ்சீர் பிடிக்க ஆசை. எந்த அணை, எந்த மாதம், என்ன இரை? ஆடி மாதம் போனால் விரால் வரிசையாக அடிக்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஆனி, ஆடியில் கரையோரப் பாசிக்குள் விரால் அடிக்கிற மாதிரி வருஷத்தில் வேறெப்போதும் அடிக்காது. ஆனால் அந்த மாதங்களில் நான் விராலுக்குப் போவதில்லை. நீங்களும் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஏன் என்பதற்கு முன்னால், இந்தப் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டில், கடையில், ஏரிக்கரையில் எல்லாம் பேச்சு தமிழ். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, மேற்கே போனால் சித்தூர். இங்கே அணையில் மீன் பிடிக்கிறவன் வானத்தைப் பார்க்கிற அளவுக்கு மதகையும் பார்க்க வேண்டும். ஆழியாறு அணையின் முழு மட்டம் 120 அடி. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு விட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல். அந்தத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணையில் பிரிந்து வாய்க்கால்களில் ஓடி, கம்பாலத்தறை, வெங்கலக்கயம் போன்ற எங்கள் ஏரிகளை நிறைக்கிறது. எனவே ஆழியாறில் மதகு திறந்தால் அங்கே மட்டம் இறங்கும், இங்கே ஏரி ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனை இடம் மாற்றுகிறது.

தண்ணீர் ஏறும்போது காய்ந்து கிடந்த புல்லும் சருகும் மூழ்கும். அதிலிருந்து புழுவும் பூச்சியும் வெளியே வரும், மீனும் கரையோரத்துக்கு வந்துவிடும். முழங்கால் ஆழத்தில்கூடப் பெரிய மீன் மேயும். மட்டம் இறங்கத் தொடங்கினால் அதே மீன் பழைய ஆற்றுப் பள்ளத்தைத் தேடி உள்ளே போய்விடும். அணையின் அன்றாட மட்டம் செய்தித்தாளில் வருகிறது. கிளம்புவதற்கு முன் மூன்று நாலு நாள் மட்டத்தை வரிசையாகப் பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா என்று தெரிந்தாலே எங்கே வீசுவது என்பதில் பாதி முடிவாகிவிடும். விலை உயர்ந்த லூர் (செயற்கை இரை) வாங்குவதைவிட இந்தப் பழக்கம் அதிக மீன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மற்ற ஊர்க் காற்று மாதிரி அல்ல. ஆனி ஆடியில் மேற்கிலிருந்தும், கார்த்திகை முதல் தை வரை கிழக்கிலிருந்தும் நாள் முழுக்க வீசும். தண்ணீரின் மேல் மிதக்கிற உணவெல்லாம் காற்று தள்ளுகிற கரைக்குப் போய் ஒதுங்கும், கட்லா அதன் பின்னால் போகும். முகத்தில் காற்று அடிக்கிற கரையில் நின்று வீசுவது சிரமம்தான், ஆனால் மீன் அங்கேதான் இருக்கும்.

இப்போது விரால். பாலக்காட்டில் வரால் என்பார்கள். இந்த மீனுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றை வாங்கி வைக்கிற உறுப்பு ஒன்று இருக்கிறது, அதனால் சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாய் திறந்து காற்றுக் குடித்துவிட்டுப் போகும். தாமரையிலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவில் சின்னதாக ஒரு வட்டம் விரிந்தால், அது விராலாக இருக்கலாம். அந்த வட்டத்தின் மேலேயே லூரைப் போடக் கூடாது. அதைத் தாண்டி இரண்டு மூன்று முழம் தள்ளிப் போட்டு, பாசியின் மேல் தவளை லூரை நிறுத்தி நிறுத்தி இழுத்துக்கொண்டு வர வேண்டும். அடித்த சத்தம் கேட்டதும் ராடை வெட்டி இழுக்காதீர்கள். அது பாசியோடு சேர்த்துத்தான் கவ்வும். ஒரு மூச்சு விட்டு, தூண்டில் நரம்பு நகர்கிறதைப் பார்த்து, அப்புறம் இழுங்கள். முள் ஏறியபின் நேரம் கொடுக்கக் கூடாது, பாசிக்குள் தலையை நுழைத்துவிட்டால் மீனும் போச்சு, லூரும் போச்சு. அதனால்தான் விராலுக்கு மெல்லிய நரம்பு ஆகாது. 30 பவுண்டு பாரத்துக்குக் குறையாமல் தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பும், ஏழு அடி மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பான) ராடும் வேண்டும். லூர் இல்லாதவர்கள் தக்கை கட்டி, சின்னக் கெண்டையை உயிரோடு கோத்துப் போடுகிறார்கள். அதுவும் நன்றாக அடிக்கும்.

ஆடி மாதத்துக்கு வருகிறேன். முதல் மழைக்குப் புதுத்தண்ணீர் வந்ததும் விரால் ஜோடி சேரும். ஆழமில்லாத இடத்தில் செடிகளை விலக்கி ஒரு வட்டம் உண்டாக்கி, அதில் முட்டையிடும். முட்டை மஞ்சளாக மிதக்கும், ஓரிரு நாளில் பொரிந்துவிடும். கொஞ்ச நாளில் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாகத் திரியும். இந்தக் கூட்டத்தைத்தான் இங்கே பார்ப்பு என்கிறார்கள். குஞ்சுகளுக்கும் காற்று வேண்டும் என்பதால் எல்லாம் சேர்ந்து மேலே வரும்போது, அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி தண்ணீர் பொரியும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். தவளையோ தண்ணீர்ப் பாம்போ எது கூட்டத்துக்கு அருகில் வந்தாலும் பாய்ந்து அடிக்கும். பசியால் அல்ல, விரட்டத்தான். இரை எடுக்கிற ஆர்வமே இல்லாத நேரத்திலும் அடிக்கும். பொரிகிற இடத்தைப் பார்த்துத் தவளை லூரைப் போட்டால் இரண்டாம் வீச்சிலோ மூன்றாம் வீச்சிலோ மீன் கையில். 'ஆடியில் வரிசையாக அடிக்கும்' என்று உங்களிடம் சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படிக் காவல் நிற்கிற மீனைத் தூக்கிவிட்டால் கீழே என்ன நடக்கும்? ஜிலேபி மீனும் கெளுத்தியும் கொக்கும் சேர்ந்து குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனைத்தான் பிடித்தோம் என்று நாம் நினைப்போம், போவது ஒரு கூட்டமே. மீன்கரை அணையில் பரிசல் ஓட்டுகிற வயதான சேட்டன் ஒருவர், ராடு வைத்திருக்கிற எல்லாப் பையன்களிடமும் சொல்வார்: "பார்ப்போட நிக்கிறதை விட்டிரு மோனே. அடுத்த கொல்லத்து மீனை இப்பவே திங்காதே." கொல்லம் என்றால் மலையாளத்தில் வருஷம். வலை போட்டுப் பிழைக்கிற அவரே விடுகிறார். பொழுதுபோக்காகப் பிடிக்கிற நாம் விட முடியாதா?

கட்லாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வட இந்தியப் பெரிய ஆறுகளின் மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய அணைத் தண்ணீரில் பெரும்பாலும் இனம் பெருக்காது. அதனால் வருஷா வருஷம் விரலளவுக் குஞ்சுகளை வாங்கி அணையில் விடுகிறார்கள். இன்று பிடித்த கட்லாவுக்குப் பதில் நாளை ஒரு குஞ்சு காசுக்கு வந்து இறங்கும். விராலை அந்த அளவுக்கு யாரும் கொண்டுவந்து விடுவதில்லை. அணைக்குள் இருக்கிற ஜோடிகள்தான் அதன் குஞ்சுப் பண்ணை. ஆகவே ஆனியிலிருந்து புரட்டாசி வரை விராலை விட்டுவிடுங்கள். மற்ற மாதங்களிலும் எங்கேயாவது சிவப்புக் கூட்டம் கண்ணில் பட்டால் அங்கே வீசாதீர்கள், நண்பர்களுக்கு இடத்தையும் காட்டாதீர்கள். இது சட்டப்படி எனக்குக் கிடைத்த உரிமையல்ல, வேண்டுகோள்தான். ஆனால் முழு மனதோடு கேட்கிறேன்.

முதல் மழைக்கு ஏரியிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வயலுக்கு ஏறும் மீனைப் பிடிப்பது பற்றிச் சட்டமே இருக்கிறது. நாம் ஏத்துமீன் என்கிறோம், கேரளத்தில் ஊத்த. சினையோடு ஏறுகிற மீன் அது. 2010-ஆம் வருஷத்துக் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பது குற்றம். தோட்டா வெடிப்பது, நஞ்சு கலப்பது, கரண்ட் வைப்பது எல்லாம் அதே சட்டத்தில் குற்றம்தான்.

மழை மாதங்களில் வேறென்ன செய்வது என்றால், கட்லாவுக்குப் போங்கள். மலம்புழா அதற்கு அருமையான இடம். மலபார் சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில் கட்டிய அணை அது, 1955-ல் முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். விரிந்த நீர்ப்பரப்பு, காற்றுக்கு மறைவே இல்லை. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன் அது, புழுவைத் துரத்திக்கொண்டு வராது. எனவே அதற்கு இரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். தவிடு, கடலைப் புண்ணாக்குத் தூள், ரொட்டித் தூள் மூன்றையும் சேர்த்து, கையில் உருட்டினால் நிற்க வேண்டும், தண்ணீரில் போட்டால் மெல்ல மெல்ல உதிர வேண்டும், அந்தப் பதத்தில் பிசைந்து கம்பிச் சுருளைச் சுற்றி உருண்டையாகப் பிடியுங்கள். சின்ன முட்களை அந்த உருண்டைக்குள் ஒளித்து வையுங்கள். கரைந்து பரவுகிற மாவை உறிஞ்சும்போது முள்ளும் உள்ளே போகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட வேண்டும், அதுதான் ரகசியம். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் மாவுதான் வீணாகும். ரோகுவும் இதற்கு வரும், முள் ஏறினால் தண்ணீரைவிட்டு எகிறும். மிர்கால் அடியில் மேய்வது, ஈயம் கட்டி அடிக்கு இறக்க வேண்டும்.

ஜிலேபி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க மீன், இன்று எல்லா அணையிலும் இருக்கிறது. மண்புழுவுக்கு எப்போதும் வரும், குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்றது. எவ்வளவு வேண்டுமானாலும் வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஆப்பிரிக்கன் கெளுத்தி கிடைத்தால் திரும்ப விடவே கூடாது. வளர்க்கவே தடை செய்த மீன், கண்டதையும் தின்றுவிடும்.

மஹ்சீர் கேட்டிருந்தீர்கள். ஆசை புரிகிறது, ஆனால் இந்தப் பக்கம் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். மறையூரிலிருந்து சின்னார் காட்டு வழியாக இறங்கும் பாம்பாறு, அமராவதி அணைக்கு வருகிறது. அந்தப் பாம்பாற்று மீனை வைத்துத்தான் 2007-ல் டார் ரேமாதேவி என்ற இனத்தை விவரித்தார்கள். காவிரியின் திமில் மஹ்சீர் என்று உலகமெங்கும் தூண்டில்காரர்கள் கொண்டாடிய மீனும் இதே இனம் என்பது 2018-ல் தெரிந்தது. அதே வருஷம் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்தார்கள். சின்னார் வனவிலங்குச் சரணாலயம், பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். இரண்டிலும் தூண்டிலோடு நுழைவதை நினைக்கக்கூட வேண்டாம். அமராவதியில் முதலை உண்டு, கரையோரம் இறங்கி நிற்கிற இடமல்ல.

அனுமதி விஷயம். மலம்புழா, மீன்கரை போன்ற கேரள அணைகளில் மீன்பிடி உரிமை பட்டியல் சாதி, பழங்குடி மீனவர்களின் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி மூன்றும் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையில். கரையில் போய் நின்றதும் முதலில் பரிசல்காரர்களைத் தேடிப் பிடித்து, எங்கே போடலாம், யாரிடம் சொல்ல வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். அந்த மீன் அவர்களுடைய அன்றாடச் சோறு. வலை கட்டியிருக்கிற இடத்தில் லூர் வீசினால் வலைக் கண்ணி கிழியும். பிடித்த கட்லாவை எடுத்துக்கொள்ள விரும்பினால் அதற்கான விலையைச் சங்கத்தில் கொடுத்துவிடுங்கள். மலம்புழாவில் கவா பக்கமும், வாளையாறிலும் யானை தண்ணீருக்கு இறங்கும். பொழுது சாய்வதற்குள் கரையைவிட்டு ரோட்டுக்கு வந்துவிட வேண்டும், மீன் எவ்வளவு நன்றாக அடித்துக்கொண்டிருந்தாலும்.

விராலுக்கு எப்போது வருவது என்றால், தை பிறந்தபின். மழை நின்று தண்ணீர் தெளிந்திருக்கும், குஞ்சுகள் பிரிந்து போயிருக்கும். தையில் விடியற்காலைக் குளிரில் மீன் மந்தமாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் பாசியோரத்தில் உலாவும். பங்குனி, சித்திரையில் தலைகீழ், விடிகாலையும் சாயங்காலமும்தான். மட்டம் இறங்கி மீன் பள்ளத்தில் ஒடுங்கிக் கிடக்கும் காலம் அது, ஆசைக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம். விடுவதானால் முள்ளின் முனைக்கொக்கியை முன்கூட்டியே குறடால் நசுக்கி வையுங்கள், கழற்றுவது எளிது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், மீன் மேலிருக்கிற வழவழப்பு போகக் கூடாது.

முதல் தடவை நேரே அணைக்குப் போக வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில், குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பாசி மேல் தவளை லூர் வீசிப் பழகுங்கள். நினைத்த இலைக்குப் பக்கத்தில் விழுகிற அளவுக்குக் கை வந்தபின் மீன்கரை போகலாம், மலம்புழா அதற்கும் அப்புறம்.